டாக்டர் லாரன்ஸுக்கு வந்த தந்தி: ஒரு நிகழ்வு ஆய்வு

1920இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர் பிணத்தை வைத்து அறுவை பழகிக்கொண்டிருந்தார். காதுக்குப் பின்னால் கெட்டியாக இருக்கும் மாஸ்டாய்டு எலும்பை உளி வைத்துச் செதுக்குகிற வேலை. எலும்புச் சில்லு ஒன்று தெறித்துக் கண்ணில் அடித்தது. கண்ணில் சீழ் பிடித்து, மருத்துவமனைக் கட்டிலில் படுக்க வேண்டி வந்தது. அங்கே சோதித்தபோது சிறுநீரில் சர்க்கரை. அந்தக் கண்ணின் பார்வையும் போயிற்று, அறுவை மருத்துவர் ஆகும் எண்ணமும் போயிற்று.

அவர் பெயர் ராபர்ட் டேனியல் லாரன்ஸ். பழகியவர்களுக்கு ராபின். 1892இல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் பிறந்தவர். அங்கேயே மருத்துவம் படித்து 1916இல் பட்டம் வாங்கியவர். முதல் உலகப் போரில் ராணுவ மருத்துவராக இருந்துவிட்டு லண்டனுக்கு வந்திருந்தார். பின்னாளில் பிரிட்டனில் சர்க்கரை நோய் மருத்துவம் என்றாலே நினைவுக்கு வரும் முதல் சில பெயர்களில் ஒன்றாக அவர் பெயர் ஆயிற்று.

தனக்கே நோய் வந்த மருத்துவர் நோயாளியை நன்றாகப் புரிந்துகொள்வார் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எந்த இடத்தில் புரிந்துகொள்வார், எந்த இடத்தில் அந்தப் புரிதலே அவரைத் தவறான பக்கம் இழுக்கும் என்று பார்ப்பது குறைவு. லாரன்ஸின் வாழ்க்கையில் இந்த இரண்டையும் ஆண்டுக் கணக்கோடு பார்க்க முடிகிறது. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

இன்சுலினுக்கு முன்

அன்றைக்கு இளம் வயதில் சர்க்கரை நோய் என்றால் தீர்ப்பு எழுதியாகிவிட்டது என்று பொருள். கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிடுகிறது. ரத்தத்தில் சர்க்கரை ததும்பும், ஆனால் உயிரணுக்களுக்குள் போகாது. உடல் தன் கொழுப்பையே எரிக்கத் தொடங்கும். அதில் கீட்டோன்கள் என்ற அமிலப் பொருள்கள் சேரும், ரத்தம் அமிலமாகும், கடைசியில் கோமா. கையில் இருந்த ஒரே சிகிச்சை பட்டினி. அமெரிக்காவில் ஃபிரெடரிக் ஆலன் என்ற மருத்துவர் அதை ஒரு முறையாகவே வகுத்திருந்தார். சிறுநீரில் சர்க்கரை நிற்கும்வரை உணவைக் குறைப்பது, நின்ற பிறகும் அதை ஒட்டியே வைத்திருப்பது. நோயாளி எலும்பும் தோலுமாகச் சில மாதமோ சில ஆண்டோ கூடுதலாக வாழ்வார். இது குணமா, சாவைத் தள்ளிப்போடுவதா என்று அப்போதே கேட்டார்கள். வேறு வழி இல்லாததால் தொடர்ந்தார்கள்.

லாரன்ஸும் அந்த உணவுக்கட்டுப்பாட்டுக்குள் போனார். தனக்கு மிஞ்சிப்போனால் மூன்று நான்கு ஆண்டு என்பது அவருக்குத் தெரியும். உளியைக் கீழே வைத்துவிட்டு, அதே மருத்துவமனையின் வேதியியல் ஆய்வகத்தில் ஹாரிசன் என்ற உயிர்வேதியியலாளரிடம் வேலைக்குச் சேர்ந்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் சர்க்கரையை அளப்பதை அங்கே கற்றுக்கொண்டார். இது பின்னால் பெரிதும் உதவப்போகிறது. அப்போது அவருக்கு அது உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை, அவ்வளவுதான்.

அப்புறம் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகருக்குப் போய்விட்டார். தான் சாவதைக் குடும்பத்தார் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டாம் என்பது காரணம். அங்கே சிறிதாக மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தார். 1922 முடிந்து 1923 தொடங்கும் குளிர்காலத்தில் மூச்சுக்குழாய் அழற்சி வந்து உடம்பு மளமளவென்று சரிந்தது.

தந்தி

அதற்கு ஓராண்டு முன்பே கனடாவின் டொரன்டோவில் கதை மாறிவிட்டது. 1922 ஜனவரி 11 அன்று லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு இன்சுலின் அடங்கிய கணையச் சாற்றை ஊசியில் ஏற்றினார்கள். முதல் முயற்சி சரியாக வரவில்லை. உயிர்வேதியியலாளர் காலிப் சாற்றைச் சுத்திகரித்துக் கொடுத்த பிறகு, அதே மாதம் 23ஆம் தேதி தொடங்கிய ஊசிகள் வேலை செய்தன. இன்சுலினைக் கண்டுபிடித்ததற்காக அந்தக் குழுவின் பான்டிங்கும் மெக்லியாடும் 1923இல் நோபல் பரிசு பெற்றார்கள். பிரிட்டனில் இன்சுலின் தயாரிப்பு உரிமை மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கைக்குப் போனது, 1923 வாக்கில் மருந்து லண்டனுக்குள் வரத் தொடங்கியது.

ஹாரிசனிடமிருந்து ஃப்ளாரன்ஸுக்குச் செய்தி போயிற்று: இன்சுலின் கிடைத்துவிட்டது, வேலை செய்கிறது, சீக்கிரம் திரும்பி வா. லாரன்ஸ் காரை ஓட்டிக்கொண்டே ஐரோப்பாவைக் கடந்து லண்டன் வந்து சேர்ந்தார். அந்த உடல்நிலையில் ஒருவர் அத்தனை தொலைவு வண்டி ஓட்டியதை நினைத்தாலே வியர்க்கிறது. 1923 மே 31 அன்று அவருக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது.

இதைச் சொல்லும் எல்லோரும் இங்கே ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். எனக்கு இந்த இடத்தில் ஒரு நெருடல் உண்டு. அவர் பிழைத்தது இன்சுலினால். ஆனால் இன்சுலின் அவரைத் தேடி வந்ததற்குக் காரணம் ஆய்வகத்தில் அவருக்கு இருந்த நண்பர். அதே மாதத்தில், அதே ஃப்ளாரன்ஸில், அதே நோயோடு கிடந்த ஒரு தச்சருக்கோ தையல்காரருக்கோ யாரும் தந்தி கொடுத்திருக்க மாட்டார்கள். மருத்துவர் நோயாளியானாலும் அவர் எல்லோரையும் போன்ற நோயாளி ஆகிவிடுவதில்லை. 1934இல் லாரன்ஸ் செய்ததைப் பார்க்கும்போது, இது அவருக்கும் உறைத்திருக்கும் என்றே தோன்றுகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நீலக் குழாய் சொல்லாதது

உயிர் பிழைத்தவர் கிங்ஸிலேயே வேதியியல் நோயியலாளராகத் தங்கி, சர்க்கரை நோய்க்கான கிளினிக்கை வளர்த்தார். நாளடைவில் அது நாட்டிலேயே பெரிய கிளினிக்குகளில் ஒன்றாயிற்று. தனக்கே நோய் இருந்தது இங்கே எப்படி வேலை செய்தது என்று புரிய, அன்றைய நோயாளியின் வீட்டு மேசையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

ஒரு சோதனைக்குழாய், ஒரு சாராய விளக்கு, பெனடிக்ட் கரைசல் இருந்த ஒரு புட்டி. கரைசலை 5 மில்லி எடுத்து, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் கூட, ஆரஞ்சு, அதற்கும் மேலே செங்கல் சிவப்பு. பக்கத்தில் கண்ணாடிச் சிரிஞ்சும் தடித்த ஊசியும். சிரிஞ்சைக் கொதிநீரில் போட்டெடுக்க வேண்டும், ஊசி மழுங்கினால் கல்லில் தீட்ட வேண்டும். இதெல்லாம் சாப்பாட்டுக்கு முன், தினமும், ஆயுள் முழுக்க.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரில் கசியும். அதற்குக் கீழே எவ்வளவு இருந்தாலும் குழாய் நீலம்தான். 100 இருந்தாலும் நீலம், 40 இருந்தாலும் நீலம். முன்னது நல்ல கட்டுப்பாடு, பின்னது ஆள் மயங்கி விழப்போகிற நிலை. போதாததற்குச் சிறுநீர்ப்பையில் இருப்பது சில மணி நேரத்துக்கு முந்தைய செய்தி. மருத்துவரின் மேசையில் நீலக் குழாய் ஒரு வெற்றி. அதைப் பார்த்து, கொடுத்த அளவு சரி, இப்படியே தொடரலாம் என்று சொல்லிவிடத் தோன்றும்.

ஊசி போட்டுக்கொண்டு வாழ்பவருக்கு அப்படித் தோன்றாது. லோ சுகர் என்பது அவருக்கு ஒரு எண்ணாக வருவதில்லை. நெற்றியில் சில்லென்று வியர்க்கும். விரல் நடுங்கும். அடங்காத பசி. பக்கத்தில் இருப்பவர் ஒன்றும் சொல்லாமலே அவர்மேல் எரிச்சல் வரும். எழுத்து இரண்டாகத் தெரியும். இந்த வரிசை ஆளுக்கு ஆள் மாறும் என்பதும், முதல் அறிகுறியிலேயே சர்க்கரையை வாயில் போட்டால் தப்பித்துவிடலாம், பத்து நிமிடம் தாமதித்தால் சர்க்கரை சாப்பிட வேண்டும் என்ற எண்ணமே மறந்துபோகும் என்பதும் அனுபவித்தவருக்கு நன்றாகத் தெரியும். 1920களில் இதை உள்ளிருந்து அறிந்த மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே.

1926இல் லாரன்ஸ் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வெளியிட்டார். உடலுழைப்பு இன்சுலினின் வேலையை எப்படி மாற்றுகிறது என்பது பொருள். இன்சுலின் போட்டுக்கொண்டு சும்மா இருந்தால் சர்க்கரை இறங்குவதை விட, போட்டுக்கொண்டு உழைத்தால் இன்னும் வேகமாக, இன்னும் ஆழமாக இறங்குகிறது என்று அதில் காட்டினார். இன்று எந்தச் செவிலியரும் சொல்வார். அன்று இது கிளினிக் நடைமுறையையே தொட்ட கேள்வி. நோயாளியை வார்டில் படுக்கவைத்து, படுத்த நிலையிலேயே அளவைச் சரிசெய்து, கையில் சீட்டுக் கொடுத்து அனுப்புகிறார்கள். அவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டா இருப்பார்? மறுநாள் மூட்டை தூக்கப் போவார். அதே ஊசி, அதே சாப்பாடு, ஆனால் மதியம் தெருவில் விழுந்து கிடப்பார். படுக்கையில் இருக்கும் நோயாளியை மட்டுமே பார்க்கிற மருத்துவருக்கு இது எளிதில் கண்ணில் படாது. காலையில் ஊசி போட்டுக்கொண்டு தானே மாடிப்படி ஏறி இறங்கி வேலை பார்க்கிறவருக்குப் படும்.

கறுப்பும் சிவப்பும்

1925இல் அவர் எழுதிய கையேடு வந்தது. சர்க்கரை நோயாளியின் வாழ்க்கையைப் பற்றியது. மருத்துவர்களுக்கும் நோயாளிகளுக்கும் சேர்த்தே அதை எழுதினார். ஒரே புத்தகம், ஒரே பக்கம், இரண்டு பேரும் படிக்கலாம். என்னைக் கேட்டால் அவர் செய்தவற்றில் மிகத் துணிச்சலானது இதுதான். மருத்துவருக்கு எழுதியதை நோயாளி படித்தால் குழம்பிப்போவார் என்று நினைத்த காலம் அது. இந்த நோயிலோ ஒவ்வொரு வேளையும் முடிவெடுக்க வேண்டியவர் நோயாளி. மருத்துவர் மாதத்துக்கு ஒரு முறை வருகிற விருந்தாளி. புத்தகம் மறுபதிப்பு மேல் மறுபதிப்பாகப் பல பத்தாண்டுகள் ஓடியது.

உணவுக்கு அவர் வகுத்த முறைக்கு வரி (லைன்) முறை என்று பெயர். அதற்கு முன் ஒவ்வோர் உணவையும் தராசில் நிறுத்து, அட்டவணையைப் பார்த்து, மாவுச்சத்து எவ்வளவு, புரதம் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று கூட்டிக்கொண்டிருக்க வேண்டும். படித்தவருக்கே தலைசுற்றும். லாரன்ஸ் உணவுகளை இரண்டு பட்டியலாகப் பிரித்தார். கறுப்புப் பட்டியலில் உள்ள ஒரு பங்கு எதுவானாலும் அதில் 10 கிராம் மாவுச்சத்து. சிவப்புப் பட்டியலில் உள்ள ஒரு பங்கில் 7.5 கிராம் புரதமும் 9 கிராம் கொழுப்பும். ஒரு கறுப்பும் ஒரு சிவப்பும் சேர்ந்தால் ஒரு வரி. கணக்குப் போட்டால் ஒரு வரிக்கு ஏறத்தாழ 150 கலோரி வரும். மருத்துவர் ஒரு வேளைக்கு இத்தனை வரி என்று எழுதிக்கொடுத்தால் போதும். கறுப்பில் ரொட்டியா உருளைக்கிழங்கா பழமா என்பது சாப்பிடுகிறவர் விருப்பம். ரொட்டி என்றால் 20 கிராம் துண்டு ஒரு பங்குக்குக் கிட்டத்தட்டச் சரியாக வரும்.

இதில் உள்ள சூட்சுமம் கணக்கில் இல்லை, சாப்பிடுகிறவருக்குக் கிடைக்கும் தெரிவில் இருக்கிறது. "இதைச் சாப்பிடு, அதைச் சாப்பிடாதே" என்ற சீட்டை ஒரு வாரம் பின்பற்றலாம். நாற்பது ஆண்டு முடியாது. ஆலனின் பட்டினிச் சிகிச்சைக்குள் தானே இருந்துவிட்டு வந்தவர் இதை யோசித்து உருவாக்கினார் என்பது தற்செயல் என்று நான் நம்பவில்லை. 10 கிராம் மாவுச்சத்து ஒரு பங்கு என்ற கணக்கு பிரிட்டனில் அவருக்குப் பின்னும் நெடுங்காலம் நின்றது.

இடையில் 1928இல் அவருக்குத் திருமணம் ஆயிற்று, மூன்று மகன்கள் பிறந்தார்கள். சர்க்கரை நோயாளி கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கிளினிக்கில் வந்து கேட்டவர்களுக்கு இதைவிட நேரடியான பதில் இருந்திருக்காது.

சங்கம்

1934இல் லாரன்ஸும் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸும் சேர்ந்து சர்க்கரை நோயாளிகளுக்கான சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அன்று அதன் பெயர் டயபெட்டிக் அசோசியேஷன், இன்று டயபெட்டீஸ் யூகே. வெல்ஸ் அவருடைய நோயாளி. நோயாளிகளும் மருத்துவர்களும் ஒரே சங்கத்தில் உறுப்பினர்கள். பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்சுலின் கிடைக்க வேண்டும் என்பது முதல் நோக்கங்களில் ஒன்று. பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவை வந்தது 1948இல்தான். அதற்கு முன் மருந்து, சிரிஞ்சு, சோதனைக் கரைசல் எல்லாமே வீட்டுச் செலவில் விழுந்தன.

ஃப்ளாரன்ஸுக்குப் போன தந்தியை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஆய்வகத்தில் நண்பர் இல்லாதவர்களுக்கு யார் தந்தி கொடுப்பது என்ற கேள்விக்கு ஒரு சங்கம்தான் பதிலாக இருக்க முடியும். 1950இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு உருவானபோது அதன் முதல் தலைவரும் லாரன்ஸ்தான்.

தன்னைப் போல் இல்லாதவர்கள்

இதுவரை சொன்னது நோய் கொடுத்த வரவு. இனிச் செலவுப் பக்கம்.

தன் உடம்பை வைத்து மருத்துவம் பார்ப்பவருக்கு ஒரு பெரிய ஆபத்து உண்டு. தனக்கு ஒத்துக்கொண்டது எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று தோன்றிவிடும். இதே நோயில் இன்னோர் ஆளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவின் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் 1946இல், 12 வயதில் சர்க்கரை நோய்க்கு ஆளானவர். பொறியாளர். 1969இல் ரத்தச் சர்க்கரை அளக்கும் கருவி ஒன்று வந்தது. ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை, 650 டாலர் விலை, மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மட்டுமே விற்பனை. மனைவி மருத்துவர் என்பதால் அவர் பெயரில் வாங்கினார். தினமும் பல முறை தானே அளந்து, உணவையும் ஊசியையும் அதற்கேற்ப மாற்றிப் பார்த்து, உடம்பு தேறுவதைக் கண்டார். எழுதி அனுப்பினால் மருத்துவ இதழ்கள் திருப்பி அனுப்பின. சரி, மருத்துவரே ஆகிவிடுவோம் என்று 45 வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1983இல் பட்டம் பெற்றார்.

அவர் சொன்னதில் பாதியை உலகம் ஏற்றுக்கொண்டது. 1,441 பேரை வைத்து நடந்த பெரிய அமெரிக்க ஆய்வு 1993இல் வெளிவந்தது. சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் கண், சிறுநீரகம், நரம்புப் பாதிப்புகள் பெருமளவு குறைகின்றன என்று அது காட்டியது. கடுமையான லோ சுகர் ஏறத்தாழ மூன்று மடங்கானதையும் காட்டியது. வீட்டிலேயே ரத்தச் சர்க்கரை அளப்பது எங்கும் வழக்கமாயிற்று. ஆனால் ஒரு நாளுக்குச் சுமார் 30 கிராம் மாவுச்சத்து போதும் என்று தனக்கு வைத்துக்கொண்ட உணவுமுறையை நோயாளிகளுக்கும் அவர் பரிந்துரைத்தாரே, அதைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. அவருக்கு அது பிரமாதமாக வேலை செய்தது உண்மை. அது ஒரே ஓர் ஆளின் சான்று என்பதும் உண்மை.

லாரன்ஸும் இந்தப் பள்ளத்தில் விழுந்திருக்கலாம். அவர் தப்பித்த விதம் எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த பகுதி. 1946இல் அவர் விவரித்த ஒரு பெண் நோயாளிக்கு உடம்பில் கொழுப்பே கரைந்துபோயிருந்தது, கல்லீரல் வீங்கியிருந்தது, ரத்தத்தில் கொழுப்பு ஏறிக்கிடந்தது, கூடவே சர்க்கரை நோய். இன்சுலின் அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. தன்னைக் காப்பாற்றிய மருந்து இன்னொருவரிடம் தடுமாறுவதைப் பார்த்தவர், அளவைக் கூட்டிக் கொடுத்துவிட்டுக் கேஸை மூடிவிடவில்லை, விவரமாக எழுதி வைத்தார். அந்த அரிய நோய்க்கு இன்றும் லாரன்ஸின் பெயர் ஒட்டியிருக்கிறது.

எல்லாச் சர்க்கரை நோயும் ஒன்றல்ல என்ற சந்தேகத்துக்கு அப்போதே ஆதாரம் சேர்ந்துகொண்டிருந்தது. லண்டனிலேயே ஹிம்ஸ்வர்த் என்ற மருத்துவர் 1936இல், இன்சுலினுக்கு நன்றாக இணங்குபவர்கள், இணங்காதவர்கள் என்று நோயாளிகளை இரண்டாகப் பிரித்துக் காட்டியிருந்தார். ஆனால் ரத்தத்தில் இன்சுலின் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வழி இல்லை. ஆஸ்திரேலியரான ஜோசப் போர்ன்ஸ்டைன் அதற்கு எலிகளைப் பயன்படுத்தி ஒரு முறையைக் கண்டார். எலிகளுக்குச் சொந்தமாக இன்சுலின் இல்லாதபடி செய்து, நோயாளியின் ரத்தநீரை அவற்றுக்கு ஏற்றி, சர்க்கரை இறங்குகிறதா என்று பார்ப்பது. 1951இல் போர்ன்ஸ்டைனும் லாரன்ஸும் சேர்ந்து முடிவை வெளியிட்டார்கள். ஒரு வகையினரின் ரத்தத்தில் இன்சுலின் தென்படவே இல்லை. இவர்கள் ஒல்லியாக, இளம் வயதில் நோய் வந்தவர்கள். இன்னொரு வகையினர் வயது கூடியவர்கள், பெரும்பாலும் பருமனானவர்கள். அவர்களுக்கு இன்சுலின் இருந்தது. இருந்தும் சர்க்கரை ஏறியது. இன்று முதல் வகை, இரண்டாம் வகை என்று நாம் சொல்வதற்கு நேரே போகும் பாதை இது.

அப்போது லாரன்ஸ் ஊசி போட்டுக்கொள்ளத் தொடங்கி 28 ஆண்டு ஆகியிருந்தது. கிளினிக்கில் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் தன் நோய்க்காரர்கள் இல்லை, வேறொரு நோய்க்காரர்கள் என்பதைத் தன் பெயர் போட்ட கட்டுரையிலேயே சொன்னார். 1968 ஆகஸ்டில் இறந்தார். முதல் ஊசியிலிருந்து 45 ஆண்டு, ஏறத்தாழ 16,500 நாள்.

வெல்ஸுக்குச் சர்க்கரை வந்தது அறுபதை ஒட்டிய வயதுக்குப் பிறகு. சங்கத்தைத் தொடங்கிய இரண்டு பேரில் லாரன்ஸ் முதல் வகைக்கும் வெல்ஸ் இரண்டாம் வகைக்கும் போகவேண்டியவர்கள். 1934இல் இருவருக்கும் அது தெரியாது. அந்த 1951 கட்டுரை வெளிவருவதற்கு ஐந்து ஆண்டு முன்பே வெல்ஸ் காலமாகிவிட்டார்.